மூன்று பத்துச் செபமும் ஒரு துண்டுப் பிலிமும்

நாயாற்றுக் கரையில் நேரத்தைக் கடவுளிடமிருந்தே நேரடியாக வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘செபமாலைக் கமரா’தான். அவருடைய சொந்தப் பெயரில் மனைவி லூர்தக்காவுக்கே சந்தேகம் இருந்தது.

ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஆனால் அவர் ஆசைப்பட்டதோ வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகை போன்ற ஒளியைப் படமெடுக்க. அதற்குக் கமராவைப் பல நிமிடம் திறந்து வைக்க வேண்டும். யுத்தத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராத காலம். மணிக்கூடு நின்று ஒரு வருடம். ஆகவே லூர்தக்காவின் மாலைச் செபமாலையால் நேரத்தை அளந்தார். கதவுபோலத் திறக்கப் பிணைச்சல் போட்ட பலகையில் கமராவை ஏற்றி, வானத்தோடு சேர்ந்து நகர நாலு ‘அருள்நிறைந்த மரியே’க்கு ஒருக்கால் திருகாணியைத் திருகுவார்.

மூன்று படத்துக்கான பிலிம்தான் மிச்சம். புதிது வர வழியில்லை.

முதற்படத்துக்கு ஐந்து பத்துச் செபம், அதாவது ஐம்பது மரியே, என்று தீர்மானித்தார். லூர்தக்கா “பிதா சுதன்” என்றதும் இவரும் பழக்கத்தில் சிலுவை போட்டார். கையில் இருந்தது கமராவைத் திறந்து பிடிக்கும் வயர்; கமராவும் சேர்ந்து ஆடியது. கழுவிப் பார்த்தால் நட்சத்திரங்கள் எல்லாம் சிலுவை போட்டிருந்தன.

இரண்டாவதற்கு மூன்று பத்து. அன்று அடுப்பில் இறால் கறி. மூன்று பத்தும் ஒரு பத்தின் நேரத்தில் முடிந்தது. படம் இருட்டு.

“கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுமன். புகை விழேல்லை.”

“இறால் தீய்ஞ்சா புகை இஞ்சயே வரும். வடிவாப் படம் எடுங்கோ.”

மூன்று பத்து, ஆறுதலாக, அவசரமில்லாமல். அதுதான் சரியான கணக்கு என்று முடிவெடுத்தார். பிறகு ஒரு கிழமை முகில்.

முகில் விலகிய பின்னேரம் நான் போய் நின்றேன். எங்கள் குடும்பத்தில் பரீட்சை விண்ணப்பம் நிரப்பிய முதல் ஆள் நான். படம் ஒட்ட வேண்டும் என்ற வரியைக் கடைசி நாளுக்கு முதல்நாள்தான் வாசித்தேன்.

“அண்ணை, பிலிம் இருக்கோ?”

“ஒண்டு இருக்கு.”

வானத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இரண்டில் எது மங்கல் என்று யோசிப்பவர் போலிருந்தது.

“பெடியன் நிண்டு வேர்க்கிறானப்பா,” என்றார் லூர்தக்கா குசினிக்குள்ளிருந்து.

“புகை எங்கயும் ஓடாது. இவன்ர விண்ணப்பம்தான் நாளைக்கு ஓடும். இரு தம்பி கதிரையில. அரை மரியேக்கு மூச்சு விடாதை.”

நான் சைவம்; மரியே செபம் தெரியாது. எது அரை என்று தெரியாமல், படம் எடுத்து முடிந்தும் வெகுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை படத்தை வாங்கப் போனபோது மேசையில் அவருடைய கொப்பி திறந்து கிடந்தது. முதல் இரண்டு படத்துக்கும் எதிரே ‘திரும்ப எடுக்க வேண்டும்’ என்றிருந்தது. மூன்றாவதற்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: ‘தம்பி. அரை மரியே. வானம் நல்ல தெளிவு. இது போதும்.’