மாப்பிள்ளை காரின் பதினோரு குழாய்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. உங்கள் அத்தை நலம். உங்கள் மனைவியும் நலம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, கால் வீக்கம் குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. நானும் நலம். இந்தப் பட்டியலில் உங்கள் காரைச் சேர்க்க முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் இந்த வீட்டில் நான் கூடத்தில் தும்மினால் சமையலறையிலிருந்து இரண்டு பேர் மருந்து சொல்கிறார்கள்.

நீங்கள் வேலைக்குப் புறப்படும்போது, "மாமா, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி தயாரா இருக்கணும், வேற எதையும் தொட வேண்டாம்" என்றீர்கள். அப்படியேதான் செய்துவந்தேன். போன செவ்வாய்க்கிழமை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது, உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வேறு. பானெட்டைத் திறந்து பார்த்தால் பென்சில் கனத்தில் கறுப்பு ரப்பர் குழாய்கள், அதில் ஒன்று வாய் பிளந்து கிடக்கிறது. விரலால் அமுக்கினேன், நடுக்கம் நின்றது. உதிரிபாகக் கடைக்காரர், "வேக்குவம் ஹோஸ் சார். பழைய வண்டியில ரப்பர் காஞ்சு வெடிச்சுரும். எல்லாத்தையும் மாத்திடுங்க, கத்தரியால வெட்டி மாட்ட வேண்டியதுதான். ஆனா ஒண்ணக் கழட்டி, புதுசை மாட்டிட்டுத்தான் அடுத்ததத் தொடணும்" என்றார். கடைசியில் சொன்னதை, நான் யாரென்று தெரியாமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் ஆவண அறையைக் கட்டிக் காத்தவன், ஒரு கோப்பு தொலைந்ததில்லை, எனக்கா பாடம்?

எந்த வேலைக்கும் முன்னால் இடத்தைச் சுத்தம் செய்வது என் வழக்கம். பானெட்டின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஏதோ கோடு கோடாக ஒரு பழைய காகிதம் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு, கத்தியால் ஒரு மணி நேரம் சுரண்டி, பளபளவென்று ஆக்கினேன். பிறகு பதினோரு குழாய்களையும் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் நூலில் சீட்டுக் கட்டி ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு, அளவு பார்த்துப் புதுக் குழாய் வெட்டி, சீட்டை அதற்கு மாற்றிச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினேன். நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை, அப்படி ஓர் ஒழுங்கு. திரும்பி எஞ்சினைப் பார்த்தால் இருபத்திரண்டு மூக்குகள் வெறுமனே நிற்கின்றன, ஒன்றிலும் எண் இல்லை. ஏழாம் குழாய் ஏழாம் குழாய்தான், அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை.

மறுபடி கடைக்கு ஓடினேன். "பானெட்டுக்கு உள்பக்கம் கம்பெனிக்காரனே படம் போட்டு ஒட்டியிருப்பான் சார், அதப் பாத்து மாட்டுங்க" என்றார். "அப்படியா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நானே யோசித்து ஐந்து விதமாக மாட்டிப் பார்த்தேன். நான்கு தடவை கிளம்பவில்லை. ஐந்தாவது தடவை கிளம்பி, போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்த பாதி முகத்தோடு வெளியே வந்தார். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். "சத்தமே வரலையே?" என்றாள் உங்கள் அத்தை. "நல்லா சர்வீஸ் பண்ணின வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சிரிக்காதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. என் பெண்ணுக்கு நேரம் வரும்போது கார் வாசலில் நின்று, அதன் பக்கத்தில் நானும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? மெக்கானிக்கைக் கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். உங்கள் கைபட்ட வண்டி, குழாய் எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு படம் வரைந்து உடனே அனுப்புங்கள். உங்கள் மனைவியிடம் மூச்சு விட வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், மாமனாரை மன்னிக்கும் மனதோடு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையை என்றும் நாடும் மாமா

பி.கு.: ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதைச் சேர்க்கிறேன். உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உங்கள் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். ஸ்டூலைத் தூக்கிப் போய்க் காருக்கு முன்னால் போட்டு, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, பதினொன்றையும் இருபது நிமிஷத்தில் மாட்டினாள். நடுவில் இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன், வலி என்று பிறகுதான் தெரிந்தது. "உனக்கு எப்படிம்மா இதெல்லாம்?" என்றேன். "நாலு வருஷமா நான்தானப்பா பாத்துக்கறேன். அவருக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது" என்றாள். சாவியை என் கையில் வைத்தாள். "நீங்க ஓட்டுங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

ஓட்டினேன், மாப்பிள்ளை. வழியில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

பெண் குழந்தை பிறந்ததை உங்கள் அத்தை போனில் சொல்லியிருப்பாள். படம் எதுவும் வரைய வேண்டாம். உடனே புறப்பட்டு வாருங்கள். பானெட்டை எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியாமல் நான் சொல்லித் தருகிறேன்.