வைஃபையில் மட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்கூட விளக்காமல் ராமசுப்பு ஒரு பெரிய முடிவெடுத்தான். வீட்டில் டேட்டா திருடுகிற கள்வனைக் கண்டுபிடிக்காமல் இனி பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் காப்பி வந்தது. குடித்தான். காப்பி வேறு, பச்சைத் தண்ணீர் வேறு. முடிவு முடிவுதான்.

திருட்டு நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ராமசுப்பு, மனைவி பானு, அம்மா சொர்ணத்தாய் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு போன். விடியும்போது ஒவ்வொன்றிலும் டேட்டா நிறைந்து நிற்கும். மத்தியானச் சோறு வடிப்பதற்குள் "இன்றைய டேட்டா முடிந்தது" என்று குறுஞ்செய்தி வந்துவிடும். கூடுதல் பேக் போடுவான். சாயங்காலம் அதுவும் காலி. கோடையில் வெடித்த கரிசல் காட்டில் குடத்தைக் கவிழ்த்தால்கூடத் தண்ணீர் அத்தனை வேகமாக உள்ளே போகாது.

ராமசுப்பு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்த்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவனுடைய அப்பாவுக்குப் பட்டியில் ஒரு ஆடு குறைந்தால் தூக்கம் வராது. மகனுக்கு ஒரு ஜிபி குறைந்தால் வராது.

பானுவின் கவலை வேறு. அவள் ஜாக்கெட் தைப்பவள். தெருவுக்குத் தைத்தது போக, வெளியூர்ப் பெண்களுக்கு வீடியோவில் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். மணியாச்சி, சாத்தூர், விளாத்திகுளம் என்று பெண்கள் சேர்ந்திருந்தார்கள். வருகிற சனிக்கிழமை முதல் வகுப்பு. வகுப்புக்கு நடுவில் நெட் நின்றுபோனால் டீச்சர் மானம் கப்பலேறிவிடும்.

"ஏங்க, கேபிள்கார வெயிலுமுத்துகிட்ட சொல்லி வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துருவோமா? கீழ் வீட்டு ஜமால் அண்ணாச்சிகூட போட்டுட்டாவ."

"மாசாமாசம் தண்டம் கட்டவா? வாளி ஓட்டைன்னா ஓட்டையை அடைக்கணும் பானு."

"ஓட்டை எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"கண்டுபிடிச்சுட்டேன். அப்டேட்!" என்றான் ராமசுப்பு, திருடனின் பெயரைச் சபையில் சொல்கிறவனைப் போல. "நம்மகிட்ட கேக்காம கொள்ளாம போன் பாட்டுக்கு எல்லா ஆப்பையும் புதுசாக்கிக்கிட்டே இருக்கு. அம்மா போன்ல செஸ் இருக்கு. அம்மாவுக்கு செஸ் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த செஸ் வாரத்துக்கு ஒருக்கா புதுசாவுது! அதை நிப்பாட்டிட்டேன்னு வை, இந்த மாசம் ஒரு கூடுதல் பேக்கூட வேண்டாம். ஓட்டிக் காட்டுதேன்."

"ஓட்ட முடியலன்னா?"

"மறுபேச்சே கிடையாது. லைன் போட்டுருவோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பானு சாக்பீஸைத் துணிமேல் வைத்தாள். கையை நீட்டிச் சத்தியத்தை அடித்து வாங்கிக்கொண்டாள். "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க"வில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது. ராமசுப்பு அதைக் கவனிக்கவில்லை.

போன்களையும் ஆபீஸ் லேப்டாப்பையும் கட்டிலில் வரிசையாகப் படுக்கவைத்தான். தடுப்பூசி முகாம் மாதிரி இருந்தது.

"ஏலே, என் போனை என்னல பண்ணுத?" என்றாள் சொர்ணத்தாய்.

"ஊசி போடுதேன்மா."

ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், 'அப்டேட்: வைஃபையில் மட்டும்' என்பதைத் தொட்டான். படம் சேமிப்பதா, அதுவும் வைஃபையில் மட்டும். அதற்குக் கீழேயே 'அப்டேட் வேண்டவே வேண்டாம்' என்றும் ஒன்று இருந்தது. அதைத் தொட அவனுக்குப் பயம். அப்டேட் செய்யாத போனுக்குள் திருடன் புகுந்துவிடுவான் என்றும் எங்கேயோ படித்திருந்தான். நிறையப் படித்தால் வருகிற தொல்லை அது.

"வைஃபை இருந்தாத்தான இனிமே அப்டேட்டு? நம்ம வீட்டுல வைஃபை இருக்கா?" என்று பானுவைக் கேட்டான்.

"இல்ல."

"அப்ப அப்டேட்டு?"

"அதுவும் இல்ல."

"அம்புட்டுத்தான்!"

அதோடு கையைக் கழுவியிருந்தால் ராமசுப்பு ஜெயித்திருப்பான்.

ஆனால் ஒரு வெற்றி கிடைத்தால் அடுத்த வெற்றிக்குக் கை அரிக்கும். மறுநாள் சாயங்காலம் அம்மா போனுக்கும் பானு போனுக்கும் பேச மட்டும் பேக் போட்டான். தன் போனுக்கு மட்டும் பெரிய டேட்டா பேக். அதிலிருந்து ஹாட்ஸ்பாட் திறந்து, வேண்டியவர்களுக்கு வேண்டிய நேரத்தில் அளந்து கொடுப்பது என்று திட்டம். பாஸ்வேர்டு அவன் கையில். கண்மாயில் மடை திறக்கிறவருக்கு ஊரில் என்ன மரியாதை உண்டோ அந்த மரியாதையோடு கூடத்தில் உட்கார்ந்தான்.

"ஏங்க, ஹாட்ஸ்பாட்டு திறந்தா அதுவும்..." என்று ஆரம்பித்தாள் பானு.

"எல்லாம் பாத்துட்டேன்."

"இல்லங்க, என் போன்ல மேல ஒரு குறி வருது, அது..."

"பானு, நான் முழுசாப் படிச்சுட்டுத்தான் செஞ்சிருக்கேன். நான் ஒரு பி.காம்."

"நானும் அதே காலேஜுதாங்க."

"அப்பப் புரியணுமே!"

மறுநாளும் சொல்லவந்தாள். அப்போது அவன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அதற்கு மறுநாளும் சொல்லவந்தாள். அப்போது அவன் சும்மாதான் இருந்தான். அன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பானு நல்ல புடவை கட்டி, ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்து, பாயில் துணியை விரித்தாள். கோவிலில் திருநீறு கொடுக்கிற மாதிரி ராமசுப்பு ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டான். திரையில் பெண்கள் ஆளுக்கொரு கத்திரியோடு வந்து நின்றார்கள்.

"துணியை ரெண்டா மடிங்க. மடிப்பு ஒங்க பக்கம் இருக்கட்டும். கழுத்துக்கு இங்கன ஒரு புள்ளி. ம், வெட்ட ஆரம்பிங்க. அப்படியே வளைச்சு..."

படம் நின்றுவிட்டது. ராமசுப்பின் போன் சிணுங்கியது. இன்றைய டேட்டா முடிந்தது.

பானு திறந்த கத்திரியோடு திரும்பினாள். "ஏங்க, ஒரு பேக் போடுங்களேன்."

ராமசுப்பின் விரல் ரீசார்ஜ் மேல் போய் நின்றது. தொட்டால் சத்தியம் போச்சு. சத்தியம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "ரெண்டு நிமிசம் பொறு. தானா வந்துரும்" என்றான். வராது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே விரலை எடுத்தான்.

நெட் வரவில்லை. ஒரு போன்தான் வந்தது, மணியாச்சியிலிருந்து. பானு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வளைச்சு வெட்டச் சொல்லிட்டு நீங்க அப்படியே நின்னுட்டீங்க. நானும் வெட்டிக்கிட்டே போயிட்டேன். கழுத்து இடுப்புக்கு வந்துட்டு. நிப்பாட்டவா?"

"நிப்பாட்டும்மா. தப்பு என் மேலதான். துணி நான் வாங்கி அனுப்புதேன்."

சொர்ணத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ராமசுப்பும் சிரித்திருப்பான், பானுவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவள் பாயைச் சுருட்டினாள். சுருட்டின பாயை மறுபடி விரித்து, உள்ளே கிடந்த கத்திரியை எடுத்துக்கொண்டு மறுபடி சுருட்டினாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால், "கீழ மெஹராஜ் அக்காவைப் பாத்துட்டு வாரேன்" என்று ஒரு பையோடு இறங்கிப்போனாள். வகுப்பு விஷயத்தை மறந்து பேச்சுத்துணை தேடிக்கொண்டாள் என்று ராமசுப்பு மனசை ஆற்றிக்கொண்டான். ஜமால் முகம்மதின் மனைவி மெஹராஜ் பேகம் நல்ல மாதிரி.

ஆனால் கள்வன் ஓயவில்லை. பானு வீட்டில் இல்லாத நேரத்திலும் டேட்டா கரைந்தது. ராமசுப்பு பாஸ்வேர்டை மாற்றினான். மறுநாளும் மாற்றினான். மாற்றினதை அம்மா போனிலும் லேப்டாப்பிலும் அவனே போட்டுவைத்தான். குலசாமி பேரை வைத்தான். பிறகு குலசாமி பேரைத் தலைகீழாக வைத்தான். அவன் ஆபீஸ் லேப்டாப்புக்கே ஒருநாள் பாஸ்வேர்டு மறந்துபோய், திருடன் மாதிரி ஊகித்து ஊகித்துப் போட்டுப்பார்த்தான். எதற்கும் பலனில்லை. கடைசியில் தரையைப் பார்த்தான். தரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

வீட்டின் முன்பக்கம் ஜமால் முகம்மதின் பாத்திரக்கடை. ராமசுப்பு போய் நின்று, ஒரு தூக்குவாளியை விலை கேட்டு, மூடியைத் திறந்து மூடி, பிறகு சொன்னான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. ஒங்க வீட்டுல யாரும் எங்க நெட்டை எடுக்காவளா?"

ஜமால் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"தம்பி, ஒங்க நெட்டை நாங்க எடுக்கோமா?"

"ஒரு சந்தேகம்தான் அண்ணாச்சி..."

"தூக்குவாளியைச் சத்தமில்லாம வைங்க. உள்ள வகுப்பு நடக்கு. ஒரு வாரமா நான் வெண்கலத்தைப் பஞ்சு மாதிரி வச்சு வச்சு எடுத்து யாவாரம் பாக்கேன்."

"என்ன வகுப்பு?"

"போய்ப் பாருங்க."

கடைக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. ராமசுப்பு எட்டிப்பார்க்கவில்லை. குரல் கேட்டதுமே கால் நின்றுவிட்டது.

"கத்திரியைத் தூக்காதீங்க. துணியோடவே போகட்டும். ஏட்டி மணியாச்சி, நீ இன்னைக்குக் கழுத்துலயே நிப்பாட்டிருவியா, இல்ல போன வாரம் மாதிரி ஊரைச் சுத்திட்டு வருவியா?"

அங்கே ஒரே சிரிப்பு. பானுவும் சிரித்தாள். துணியை மடித்து மடித்து எடுத்துக்கொடுக்கிற மெஹராஜ் பேகத்தின் குரலும் கேட்டது. தன் வீட்டில் பானு அத்தனை வாய்விட்டுப் பேசி ராமசுப்பு கேட்டதில்லை. மாடியில் என்றால் அவளுக்கு ஒரு கண் துணிமேல், ஒரு கண் அவன் போன்மேல் இருக்கும். தன் பெண்டாட்டி தைரியமாக ஒரு கழுத்து வெட்டுவதற்கு இன்னொரு வீட்டில் இடம் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரரைத்தான் அவன் திருடன் என்று கேட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

கடைக்குத் திரும்பினான். "அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க."

"அது கிடக்கட்டும். தூக்குவாளி வேணுமா?"

வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

கூடத்தில் சொர்ணத்தாயின் போன் தனியாகக் கிடந்தது. ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே மூன்று வளைவாக ஒரு குறி வந்தது. 'வைஃபை இணைந்தது' என்றது போன். உடனே உள்ளே எல்லாம் விழித்துக்கொண்டன. செஸ் புதுசாகியது. ரயில் நேரம் புதுசாகியது. அம்மாவுக்கு வந்த காலை வணக்கம் வீடியோக்கள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பக்கத்தில் ஆபீஸ் லேப்டாப்பும் பெருமூச்சுவிட்டபடி எதையோ இறக்கிக்கொண்டிருந்தது.

அவனுடைய ஹாட்ஸ்பாட்தான் அந்த வைஃபை. வீட்டிலேயே இல்லை என்று அவன் நம்பிய வைஃபையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேளாவேளைக்கு அவனே திறந்துவிட்டிருக்கிறான்.

"அம்மா, இது இப்படி ஓடும்னு ஒனக்குத் தெரியுமா?"

"பானு அன்னைக்கே சொன்னாளே. ஒங்க மகன் ஆசையாப் போட்டுவச்சது, தொடாதீங்க அத்தேன்னா."

"எங்கிட்ட சொல்லலையே?"

"ஒங்கிட்டத்தான் மூணு நாளாச் சொல்லவந்தா. நீ காது குடுத்தாத்தான?"

ராமசுப்புக்கு இப்போது டேட்டா போனது பெரிசில்லை. அது அடுத்த நாள் வரும். அன்றைக்கு விரலை எடுத்தானே, அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பானு பையோடு படியேறி வந்தாள். அவன் முகத்தையும் அம்மா போனையும் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"பானு, நான் தோத்துட்டேன்."

"ம்."

"அன்னைக்கு அந்த பேக்கைப் போட்டிருக்கணும்."

"போட்டிருக்கணும்." பையை இறக்கி வைத்தாள். "டேட்டா தீந்ததுக்கு நான் வருத்தப்படலைங்க. கத்திரியை வச்சுக்கிட்டு அம்புட்டுப் பேர் முன்னால முழிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க போனைப் பாத்தீங்க. என்னைப் பாக்கல."

ராமசுப்பு தன்னிடம் இருந்த ஒரே நல்ல வார்த்தையைச் சொன்னான்.

"நாளைக்கே வெயிலுமுத்துகிட்ட போய் லைனுக்குச் சொல்லிட்டு வாரேன்."

"சொல்லாண்டாம்."

"கோவமா பானு?"

"கோவம் இல்லங்க. நாளைக்குக் காலையில அவனே வாரான். வயரு வர லேட்டாயிட்டாம், அதான் இம்புட்டு நாளு. அட்வான்ஸெல்லாம் குடுத்தாச்சு."

"எப்பக் குடுத்த?"

"நீங்க சத்தியம் பண்ணுனீங்கள்லா? அன்னைக்குச் சாயங்காலம்."

ராமசுப்பு எழுந்தே விட்டான். "அன்னைக்கு நான் ஹாட்ஸ்பாட்டே திறக்கலையே! நான் தோத்துருவேன்னு அப்பவே ஒனக்கு எப்படித் தெரியும்?"

பானு அவனைப் பரிவோடு பார்த்தாள்.

"என்னங்க இப்படிக் கேக்கீங்க? கட்டுன புருசன் மேல அந்த நம்பிக்கைகூட இல்லாமலா குடும்பம் நடத்துதேன்?"