கச்சானுக்கு எதிரே ஒரு பேட்டரி வண்டி

காற்று எத்தனை கிலோ இருக்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்தத் தென்கோடியில் ஒருவர்தான் உண்டு. அவர் விஞ்ஞானி அல்ல. வடசேரி சந்தையில் வாழைக்குலை லோடு அடிக்கிறவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்கள் தெருவில் அவர் பெயர் மிச்சம்.

என் வீட்டுக்கு அடுத்த ஷெட்டில்தான் பேட்டரி பிக்கப்பை நிறுத்தி சார்ஜ் போடுவார். நான் குடிவந்த மறுநாள் காலை, "சுகமா?" என்று கேட்டேன். "எழுவத்திரெண்டு" என்றார். ரத்த அழுத்தத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "மேலயா, கீழயா?" என்று விசாரித்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான். மாத்திரையிலிருந்து தெருவிளக்கு வரை எண்ணிவிட்டுத்தான் எனக்குத் தூக்கமே வரும். எனக்கே புரியாத கணக்காக இருந்தது அது. பேட்டரியில் மிச்சமிருப்பது எழுபத்திரண்டு சதவீதமாம். வேறு சுகம் எதுவும் அவருக்குத் தெரியாது.

முட்டத்தில் வள்ளத்து இன்ஜின் ஓட்டியவர். ஒருமுறை நடுக்கடலில் மண்ணெண்ணெய் தீர்ந்து, இன்னொரு வள்ளம் வந்து இழுக்கும்வரை அலைமேல் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து சோற்றுப்பானையைப் பார்த்தாலும், சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "மிச்சம் எவ்வளவு?" அப்படிப்பட்டவர் வாங்கிய வண்டியில் அந்த விடையே பச்சை எண்ணாகக் கண்ணுக்கு முன்னால் எரிந்தால் என்ன ஆகும்? சாமி நேரில் வந்து டாஷ்போர்டில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஒரு சார்ஜுக்கு நூத்தியறுவது கிலோமீட்டர்னு கம்பெனிக்காரன் சொன்னான்லா? அது அவன் வீட்டு ஹால்ல ஓட்டிப் பாத்தது, சாரே. ஆளும் ஏறாம, லோடும் ஏத்தாம, காத்துக்கு லீவு குடுத்துட்டு ஓட்டினது. நம்ம ஊரு ரோட்டுல பாதிதான் ரேஞ்சு. ஆடி மாசம் அதுலயும் பாதி."

அந்தப் பாதியைக் காப்பாற்ற அவர் செய்த காரியங்களைக் கேளுங்கள். ஏசி என்ற பொத்தானை அவர் தொட்டதே இல்லை. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஹாரனுக்கும் கரண்டு போகிறது என்று ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏலேய்ய்!" என்று கத்துவார். ஏறுகிறவர்களிடம் காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். ஆறு என்று உண்மையைச் சொன்ன ஒரு குலை வியாபாரியை, "பொறத்தால பஸ் வருகு" என்று சொல்லி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே பாய் விரித்த கதை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து அடிக்கும் காற்றை முட்டத்தில் கச்சான் என்பார்கள். கச்சான் முதுகில் அடிக்க, காலி வண்டியைக் கிழக்கே ஓட்டிப் போனவருக்குப் பழைய கடல் ஞாபகம் வந்துவிட்டது. பின்னால் இரண்டு மூங்கில் நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். முப்பந்தல் வரை சதவீதம் ஒன்றுகூடக் குறையவில்லை என்று இன்றும் சத்தியம் செய்கிறார். அதற்குப் பிறகு வண்டி டீக்கடைக்குள் போய்விட்டது. வெந்நீர்த் தவலையோடு வெளியே ஓடிவந்த கடைக்காரரிடம், "பாயை இறக்க மறந்துட்டேன் மக்கா" என்று மன்னிப்புக் கேட்டாராம்.

இந்த மனிதரோடுதான் போன ஆடியில் வள்ளியூருக்குப் போனேன். அவர் குலை இறக்கவேண்டும். நான் வழியில் பணகுடியில் இருக்கும் என் தங்கை செல்லம்மையைப் பார்க்கவேண்டும். திரும்பும்போது என்னை ஏற்றிக்கொள்ள அவர் வந்து நின்றபோது, செல்லம்மை தொழுவத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் பசு அம்முவுக்குக் காலையிலிருந்து நோவு. கன்றின் தலை திரும்பிக் கிடக்கிறது, நாகர்கோவில் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துத்தான் எடுக்கவேண்டும், தாமதித்தால் இரண்டும் தங்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் உள்ளூர் டாக்டர். ஊரில் இருந்த லோடு வண்டிகள் எல்லாம் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தன. புருஷன் போன பிறகு அந்தப் பசு ஒன்றுதான் அவளுக்குத் துணை.

"மிச்சம், எவ்வளவு இருக்கு?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு." சொல்லிவிட்டு மேற்கே பார்த்தார். தூரத்தில் காற்றாலைகள் அத்தனையும் எங்களுக்கு முதுகைக் காட்டி, காற்றை நோக்கி முகத்தைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. "கச்சான் நேர் எதிர்ல. குலைன்னா படுத்துக் கெடக்கும் சாரே. இது எழும்பி நிக்கும். மாடில்ல இது, பாய்மரம்."

"என் அம்முவையா பாய்மரம்ங்கேரு?" செல்லம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏத்தும்வே வண்டியில!"

ஏற்றினோம். அவள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றுகொண்டாள். காவல்கிணறு தாண்டியதும் காற்று வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. இருபத்தொன்பது. இருபத்தேழு. நான் வாய்விட்டு எண்ணினேன்; அவர் என் வாயைப் பொத்தினார்.

அப்போதுதான் மிச்சம், "மாதாவே!" என்று கூவினார்.

முன்னால் ஒரு டிரெய்லர். அதன்மேல் காற்றாலைத் தூணின் ஒரு துண்டு, படுக்கவைத்த கோயில் கோபுரம்போல, ஆமை வேகத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. மற்ற வண்டிகள் எல்லாம் திட்டிக்கொண்டே அதை முந்திப் போக, மிச்சம் மட்டும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டார். சட்டென்று காற்று நின்றது. ஆரல்வாய்மொழியை நெருங்கும் சாலையில், ஆடியில், என் வேட்டி நுனி அசையவில்லை. இப்படி ஒரு அமைதியை நான் தேவாலயத்தில்கூட அனுபவித்ததில்லை.

டிரெய்லருக்குப் பக்கத்தில் கொடி கட்டிய ஜீப் ஒன்று காவலாக வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "யோவ்! கிறுக்கா உமக்கு? முந்திக்கிட்டுப் போரும்!"

"மறைவு குடு மக்கா! பேறுகாலக் கேஸு!"

"பொம்பளையா?"

"ஆமா!"

ஜீப் பின்வாங்கி, பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது. "ஏலே, மாடுலா நிக்கி!"

"மாடும் பொம்பளதானவே!"

அவன் சிரித்த சிரிப்பு பசுவின் கத்தலையும் மீறிக் கேட்டது. ஆனாலும் எங்களை விரட்டவில்லை. முப்பந்தலில் டிரெய்லர் காற்றாலைப் பக்கம் திரும்பும்வரை எங்களுக்குப் பின்னால் நின்று, ஹாரன் அடித்தவர்களையெல்லாம் அவனே அதட்டிக்கொண்டு வந்தான்.

தூண் விலகியது. கச்சான் மறுபடி முகத்தில் அறைந்தது. சாலையின் இரண்டு பக்கமும், மலையடிவாரம் வரை, வெள்ளை வெள்ளையாக இறக்கைகள் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கினேன், வாழ்க்கையில் முதல்முறையாகப் பாதியில் விட்டேன். மிச்சமும் அவற்றைத்தான் பார்த்தார், கோபத்தோடு அல்ல, பெரியவர்களைப் பார்க்கிற மாதிரி. "நமக்குக் கரண்டு குடுக்கதும் இந்தக் கச்சான், புடுங்கதும் இவன். என்னா சக்தி பாத்தீரா, சாரே!"

தோவாளையில் ஐந்து. மிச்சம் ஓரமாக நிறுத்தினார்.

"இறங்கும்."

"நானா?"

"பின்ன மாட்டையா இறக்க? நீரு எழுவது கிலோ. உம்மையும் வச்சுக்கிட்டு எத்தாது."

"நான் வழித்துணைக்கு..."

பின்னாலிருந்து செல்லம்மை கத்தினாள். "எண்ணே, எறங்கு! அங்க இருந்து என்ன செய்யப் போற? எண்ணிக்கிட்டுத்தான இருக்க!"

பஸ்ஸில் போனேன். வெள்ளமடம் அருகே பஸ் அவர்களை முந்தியது. பிக்கப் நடந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கண்ணாடிகளை மடக்கிவிட்டு, ஸ்டியரிங்மேல் குனிந்து, துடுப்புப் போடுகிறவர்போல உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார் மிச்சம். பஸ்ஸே எழுந்து நின்று சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லி டாக்டரைத் தயாராக வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இன்ஜின் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டியபோதுதான் அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது என்பது உறைத்தது. வந்தாலும் கேட்காது, நின்றுபோனாலும் கேட்காது.

வண்டி முனை திரும்பியது. முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு தலைமுடி பறக்க செல்லம்மை. பிறகு வியர்வையில் குளித்த மிச்சத்தின் முகம். ஒரு சத்தமும் இல்லாமல், தரையைத் தொடாததுபோல, வழுக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காட்சியை என்னால் எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை. வாசல் மேட்டில் வண்டி உயிரை விட்டது. வாட்ச்மேன், டீக்கடைக்காரர், ஊசி போட வந்த ஆட்டுக்காரர், நான், எல்லோரும் சேர்ந்து தள்ளி உள்ளே ஏற்றினோம்.

கதவை அடைத்துக்கொண்டார்கள். ஒரு யுகம் கழித்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் பொழச்சிட்டு. கிடாரிக் கன்னு."

செல்லம்மை மிச்சத்தின் காலில் விழப்போனாள். அவர் பதறிப்போய், "எழும்பும் தாயீ, எழும்பும். இங்க பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லும்" என்றார்.

வராந்தாவில் இருந்த ஒரு பிளக்கிலிருந்து வயரை இழுத்து மாட்டிவிட்டு, சீட்டில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஆஸ்பத்திரி ஈக்கள் அவர் முகத்தில் மொய்த்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறினேன். என் வீட்டுப் பக்கம் போகும் வடசேரி பஸ் வாசலில் வந்து நின்றது. ஏறவில்லையா என்று கண்டக்டர் கையசைத்துக் கேட்டார். விசிறுவதை நிறுத்தினால் மனிதர் விழித்துவிடுவாரே என்று, போகட்டும் என்று தலையாட்டினேன்.