மிசினைத் துடைச்சுப் போடு

"நல்லாத்தான் இருக்கு அண்ணை" என்று பக்கத்து வளவு விஜிதரன் சொன்ன விதத்திலேயே ஏரம்பருக்கு விளங்கிவிட்டது, கோழி நல்லாயில்லை.

"போன ஞாயிறு மாதிரி இல்லையோ?"

"அது வேற மாதிரி அண்ணை. இதுவும்... கோழிதான்."

விஜிதரனின் மனைவி தனுஷா கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்டைக்கு ஒரு வாசம் வந்தது. றோட்டாலை போனவையையும் இழுத்துக்கொண்டு வந்தது. இண்டைக்கு அதைக் காணேல்லை."

"உப்புக் குறைவோ?"

"உப்பெல்லாம் இருக்கு. நாங்கள் வாறம் அண்ணை, மாட்டுக்குத் தண்ணி வைக்க வேணும்."

அவர்களிடம் மாடே இல்லை என்பது, படலை சாத்திய பிறகுதான் ஏரம்பருக்கு ஞாபகம் வந்தது.

நெடுங்கேணிச் சந்தையில் மூட்டை தூக்குகிற மனுசன் ஏரம்பர். மனைவி செத்துப்போனபின் வீட்டில் கதைக்க ஆளில்லை. கழிவு விலைக்கு வாங்கின பிளாஸ்டிக் கதிரைகள், பொலித்தீன்கூடக் கழற்றாமல் ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. ஆராவது வந்து இருந்தால்தானே கழற்றுவதற்கு.

போன ஞாயிறு ஒரு ஆசைக்குத்தான் தொடங்கினார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் வறுத்து, மில்லில் கொடுத்து அரைப்பித்தார். அந்தத் தூளோடு உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கோழியில் அழுத்தித் தேய்த்து, பழைய யன்னல் கம்பியைக் கல்லில் ஏற்றி, பாலைக் கட்டைத் தணலில் சுட்டார். வாசம் வேலி தாண்டிப் போய், சனத்தைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தது. கதிரைகளின் பொலித்தீன் கிழிந்தது. கதிரை காணாமல் உரலிலும் ஆள் இருந்தது. இருட்டும்வரை முற்றத்தில் ஒரே கதையும் சிரிப்பும். ஏரம்பருக்கு வேண்டியது அந்தக் கதைதான். கோழி ஒரு சாட்டு.

ஒழுங்கைக் கடைசி வீட்டில் தனிய இருக்கிற அமராவதிகூட அன்றைக்கு வந்திருந்தாள். ஊரெல்லாம் ஏரம்பரை அண்ணை என்று கூப்பிடும். அமராவதி மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் நேரே கதையைத் தொடங்குவாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள், கண்ணை மூடினாள், தனக்குள்ளே சிரித்தாள்.

"இந்தத் தூள் ஆர் அரைச்சது?"

"நான்தான்."

"நீங்கள் மட்டுமோ?"

"பேந்து வேற ஆர்? நான் தனி ஆள்தானே."

அமராவதி திரும்பவும் சிரித்தாள்.

இப்போது என்ன பிழைத்தது? மிளகாய் அதே மிளகாய். அளவு அதே அளவு. போதாததற்கு இந்த முறை மில்காரச் சுதாகரனைக் கொண்டு மிசினைத் தட்டித் துடைப்பித்துத்தான் அரைத்தார். ஊர் மெச்சின தூள், ஒரு மரியாதை வேண்டாமா? முதல் முறை, கரண்ட் போகப்போகுது என்ற அவதியில் துடைக்க நேரம் கிடைக்கவில்லை.

'வடிவாய்த் துடைக்கேல்லைப் போல' என்று முடிவு கட்டினார் ஏரம்பர்.

அடுத்த சனிக்கிழமை பெயின்ற் அடிக்கிற பிரஷ் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். முன்னால் அமராவதி ஒரு துணிப்பையோடு நின்றாள். போன சனியும் இவள்தான் முன்னுக்கு நின்றாள். அரைத்து முடித்ததும் பையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"மிசின் சூடாய் இருக்கு. உடன போடுங்கோ."

"பொறு தம்பி, போடாதை!" ஏரம்பர் பாய்ந்தார். "மிசின் வாயிலை கறுத்தத் தூள் ஒட்டிக் கிடக்குது. கண்டவையின்ர குப்பையும் என்ர தூளுக்கை வரக்கூடாது."

பிரஷ் உள்ளே புகுந்து வெளியே வந்தது. அமராவதி அந்தப் பிரஷைப் பார்த்த பார்வையில் அது பற்றி எரிந்திருக்க வேண்டும்.

துடைத்தது மட்டும் போதாது என்று, அந்த முறை கறுவாப்பட்டையும் கராம்பும் அள்ளிப் போட்டிருந்தார். ஞாயிறு வந்த தனுஷா ஒரு கடி கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்தாள்.

"என்ன பிள்ளை, பல்லுக் கொதியோ?"

"இல்லை அண்ணை. பல்லுக் கொதிக்கு வைக்கிற மருந்து மணக்குது."

விஜிதரனுக்கு இரக்கம் வந்துவிட்டது. போனை எடுத்து, தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் இறைச்சி சுடுகிற வீடியோவைக் காட்டினான்.

"பாருங்கோ அண்ணை, தூளுக்கை சீனி போடுறான்."

"சீனியோ? கோழிக்கோ?"

"அவன்ர முற்றத்திலை எத்தினை சனம் எண்டு பாருங்கோ."

ஏரம்பர் வெள்ளைக்காரனைப் பார்க்கவில்லை. பின்னால் கதிரைகளில் இருந்து சிரிக்கிற சனத்தைத்தான் பார்த்தார். சீனி வாங்கினார்.

சனிக்கிழமை மில்லில் திரும்பவும் அமராவதி, திரும்பவும் அந்தப் பை. இவளுக்கு வேறு நாள் கிடையாதோ என்று ஏரம்பருக்கு எரிச்சல் வந்தது. இந்த முறை பிரஷையும் நம்பாமல் ஒரு பிடி பச்சையரிசி கொண்டுபோயிருந்தார்.

"தம்பி, முதல் இதைப் போட்டு ஓட்டு. உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் அடிச்சுக்கொண்டு போகட்டும்."

"அவ்வளவுக்கு வேணுமோ?" என்றாள் அமராவதி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வேணும். ஆற்றையோ தூள் எனக்கென்னத்துக்கு?"

அமராவதி பையை எடுத்துக்கொண்டு விறுவிறென்று போய்விட்டாள்.

ஞாயிறு தணலில் வைத்த கையோடு சீனி கருகிக் கோழி கரியாயிற்று. வாசத்துக்கு வந்தது எறும்பு மட்டும்தான். ஆனால் குடும்பத்தோடு வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அதுவும் வரவில்லை. ஏரம்பர் கதிரைகளை வட்டமாகப் போட்டு, நடுவில் தணலை மூட்டி, படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் விஜிதரன் வீட்டு ரிவியில் ஆரோ சிரித்தார்கள். ஒரு துண்டை நாய்க்குப் போட்டார். அது நக்கிப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது, எழும்பிப் போய்க் கிணற்றடி வாளியில் தண்ணீர் குடித்தது.

"உனக்குமோ?" என்றார் ஏரம்பர். பிறகு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைத்தார்.

சனிக்கிழமை மிளகாயும் இல்லாமல் பிரஷும் இல்லாமல் வெறுங்கையோடு மில்லுக்குப் போனார். மில்லில் ஒருவரும் இல்லை. அமராவதிகூட இல்லை.

"தம்பி, உன்ர மிசின் பழுதோ?"

"ஏன் அண்ணை?"

"முதல் நாள் அரைச்ச மாதிரிப் பிறகு ஒருநாளும் வரேல்லையே. நானும் எல்லாம் போட்டுப் பாத்திட்டன்."

சுதாகரன் கொஞ்சம் யோசித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அண்டைக்கு நாங்கள் மிசின் துடைக்கேல்லை அண்ணை! உங்களுக்கு முதல் அமராவதியக்கா தங்கச்சி வீட்டுச் சாமத்தியச் சடங்குக்குக் கோப்பி அரைச்சவா. வறுத்த கோப்பி, மல்லி, வேர்க்கொம்பு. அதுதான் உள்ளுக்கை கிடந்து உங்கட தூளோடை வந்திருக்கு."

"அந்தக் கறுத்தத் தூளோ?"

"ஓம், நீங்கள் குப்பை எண்டு தட்டினது."

ஏரம்பர் அப்படியே மர வாங்கில் குந்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. அப்பாடா, இவ்வளவுதானா! நாளைக்கே முற்றம் நிறைந்துவிடும்.

"அப்ப அவவிட்டை ஒரு பிடி கோப்பித்தூள் கேட்டா அலுவல் முடிஞ்சுது. இண்டைக்கு ஏன் ஆளைக் காணேல்லை?"

"இனி வரமாட்டன் எண்டிட்டுப் போனவா."

"பரவாயில்லை, வீட்டிலை கிடக்கும்தானே. சனிக்குச் சனி அரைச்சுக்கொண்டு போனவா. தனி ஆள், அவ்வளவு கோப்பியை என்னெண்டு குடிச்சு முடிக்கிறா?"

சுதாகரனுக்கு அப்போதுதான் மிச்சமும் விளங்கியது. அவரையே பார்த்தான்.

"கோப்பி குடிச்சா அவவுக்கு நெஞ்செரிவு அண்ணை, உங்கட கோழியிலை தன்ர கோப்பி மணத்தைக் கண்டுபிடிச்ச அண்டையிலையிருந்து, உங்களுக்கு முன்னாலை அரைக்கிறதுக்கெண்டே வந்து நிண்டவா."