ஏழில் ஒரு பங்கு

மனித அறிவு எட்டிய சிகரங்களை வரிசைப்படுத்தினால் நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் அடுத்த இடம் எங்கள் ஊர்க் ‘கரும்புக் காளைகள்’ பேஸ்பால் அணியின் உயர்மட்டக் குழுவுக்குத்தான். டிசம்பர் பிறந்துவிட்டது, போட்டிகள் சூடுபிடித்துவிட்டன, அணியில் ஒழுங்காகப் பந்து எறிய ஆளில்லை. குழு அவசரமாகக் கூடியது. கூடிய மறுநிமிடமே அறையின் மின்விசிறி நின்றது.

“ஜோயெல்விஸைக் கூப்பிடுங்க,” என்றார் முதலாளி டான் எவரிஸ்தோ.

ஜோயெல்விஸுக்கு இருபத்திரண்டு வயது. மைதானத்தில் ஏழு இடங்களில் ஆடுவான். பையில் நான்கு கையுறைகள். எவனுக்குக் கால் சுளுக்கினாலும் அங்கே போய் நிற்பான். விசிறிப் பழுதும் பார்ப்பான். ஏணியோடு வந்து மேலே ஏறினான். கீழே குழு தன் வேலையைத் தொடங்கியது. விவாதப் பொருள் ஒன்றே ஒன்று: ஜோயெல்விஸைக் கொடுத்துத் தலைநகர அணியிடமிருந்து பந்து எறிய நிக்கனோர் என்ற பிட்சரை வாங்கலாமா?

“இவனை மாதிரி ஒருத்தன் கெடைக்கவே மாட்டான்,” என்று பயிற்சியாளர் பேனோ தழுதழுத்தார்.

“அதனாலதான் அவங்க கேக்குறாங்க,” என்றார் முதலாளி.

ஆலோசகர் ராம்செஸ் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “ஏழு இடத்துல ஆடுறான். அப்போ ஒரு இடத்துக்கு அவன் ஏழுல ஒரு பங்குதானே? நாம கொடுக்கறது ஏழுல ஒண்ணு. வாங்கறது முழு ஆள்!”

கணக்கின் ஆழத்தில் அறை மெய்சிலிர்த்தது.

ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. “முதலாளி, மைதானத்துல ரெண்டாவது பேஸ் இடம் இனிமே எனக்குத்தான்னு போன வருஷம் சொன்னீங்களே?”

“சொன்னேன், ராசா. எங்க நின்னாலும் நல்லா நிக்கிறே. உனக்குன்னு தனியா ஒரு இடம் எதுக்கு? அந்த ஸ்க்ரூவை நல்லா முறுக்கு.”

முறுக்கினான். எங்கே நில் என்றாலும் நிற்பவனை எல்லோருக்கும் பிடிக்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தான். பிடிக்கத்தான் செய்தது. பிடிப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் நடுவே இவ்வளவு தூரம் என்பது ஏணியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு தடவை ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாமோ? அந்த இடத்தில் நிற்க மட்டும் அவன் பழகவில்லை.

விசிறி சுழன்றது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் விசிறிக்கா, தீர்மானத்துக்கா என்று அவனுக்குப் புரியவில்லை.

“நாளைக்கு நிக்கனோர் வர்ற பஸ்ஸுலயே நீ போயிடலாம்,” என்றார் முதலாளி. “அப்படியே அவரை வரவேத்து ஒரு காபி வாங்கிக் குடுத்துடு. நம்ம சார்பா.”

மறுநாள் பேருந்து நிலையத்தில் நிக்கனோர் இறங்கினார். முப்பத்தாறு வயது, நடையில் முழங்கால் வலி தெரிந்தது. இவனைக் கண்டதும் கட்டிக்கொண்டார்.

“டேய், உன்னை நம்பித்தான்டா சரின்னேன்! முன்ன மாதிரி வேகம் இல்ல. என் பந்தை அடிச்சா தரையிலதான் உருளும். நீ நின்னா ஒண்ணையும் விடமாட்டே.” காபியை ஒரே மடக்கில் குடித்தார். “ஆமா, எனக்குப் பதிலா எந்த அப்பாவியைத் தள்ளிவிட்டாங்க?”

ஜோயெல்விஸ் தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். நிக்கனோர் பையைப் பார்த்தார், பேருந்தைப் பார்த்தார், அப்படியே தன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ உருள்ற பந்தை யாருடா பொறுக்குவான்?”

“குழு கூடி முடிவு பண்ணுவாங்கண்ணே.”

படியில் கால் வைத்தபோது கைப்பேசி அடித்தது. முதலாளி.

“ராசா, கெளம்பிட்டியா? விசிறி மறுபடியும் நின்னுபோச்சு. பத்து நிமிஷம் வந்துட்டுப் போயேன்.”

வாய் பழக்கத்தில் ‘இதோ வரேன்’ என்று திறந்தது. அவன் அதை மூடிவிட்டு, வேறு விதமாகத் திறந்தான்.

“முடியாதுங்க முதலாளி. ஆனா நீங்க கவலைப்படாதீங்க. உங்க கணக்குப்படி போறது ஏழுல ஒரு பங்குதானே? மீதி ஆறும் அங்கதான் எங்கயாவது நிக்கும். கூப்பிட்டுப் பாருங்க.”