முருகன் பாதத்தில் வைத்த ரகசியப் பக்கம்

கிருத்திகை அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பக்கக் காகிதத்தை முருகன் பாதத்தில் வைத்து எடுத்து வர வேண்டும்.

என்ன காகிதம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மண்ணரையில், வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறோம். வேலை கொடுத்த பெரிய கம்பெனி நொடித்துப் போனது. இப்போது வேறொருவர் அதை எடுத்து நடத்தப் போகிறார். யார் யாருக்கு எவ்வளவு தருவது என்று அவர் போட்ட திட்டத்தைக் கோர்ட்டும் ஒப்புக்கொண்டதாம். எங்களுக்குப் பாக்கி நிற்கும் தையல் கூலி வந்தால், அடிக்கடி மக்கர் பண்ணும் ரெண்டு ஓவர்லாக் மெஷினை மாற்றிவிடலாம்.

ஆனால் அந்தத் திட்டத்தைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. முழுசும் பார்க்கும் உரிமை பாங்க்காரர்களுக்குத்தானாம். கோயமுத்தூரில் அந்தக் கணக்கைப் பார்க்கும் ஆபீசுக்கு நாலு நடை நடந்தேன். கடைசியில், எங்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் தருகிறோம், யாருக்கும் காட்ட மாட்டேன், சொல்ல மாட்டேன் என்று இருநூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் அத்தனையும் இங்கிலீஷ்! நான் படித்தது எட்டாவது வரை.

என் பெரிய பையன் கை நீட்டினான். நான் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குக் காட்டக் கூடாது. அப்பறம் எதுக்கும்மா வாங்கிட்டு வந்தீங்க?"

வாக்குக் கொடுத்துவிட்டேன் கண்ணு, முருகனுக்கு மட்டும் காட்டினால் தப்பில்லை என்றேன்.

"முருகன் கையெழுத்துப் போட்டாரான்னு கேட்டுக்க" என்றார் என் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமல்.

நான் காதில் வாங்கவில்லை. காகிதத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு வைத்துக் கோவிலுக்குப் போனேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப் போனது. எங்கள் ஊரில் மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வருவது கல்யாணப் பத்திரிகை! முதல் பத்திரிகை முருகனுக்கு. பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சாமிக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பாதத்தில் வைப்பார் எங்கள் பூசாரித் தம்பி. பி.காம். படித்தவர். சட்டையில்லா மார்பில் குறுக்கே துண்டு; கிருத்திகைக் கூட்டம் என்பதால் துண்டில் மைக்.

தாம்பாளத்தை வாங்கியவர் பழக்கத்தில் படிக்க ஆரம்பித்துவிட்டார். தடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன்.

கம்பெனி பேர் ஸ்பீக்கரில் தெருமுனை வரைக்கும் கேட்டது. தம்பி தமிழாக்கியே படித்தார்.

"சரக்கு கொடுத்தவர்களுக்கும் வேலை செய்து கொடுத்தவர்களுக்கும் வழங்கும் தொகை, சைபர்."

அவருக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்திருக்க வேண்டும். ஆனால் வாய்ப் பழக்கம் விடுமா? "சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும்" என்று முடித்துவிட்டு விபூதி கொடுத்தார்.

எனக்குப் பின்னால் வரிசையில் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை பண்ணிய பழனிசாமி அண்ணன். கையெழுத்துக் கேட்டதால் அந்தப் பக்கமே வேண்டாம் என்று திரும்பி வந்தவர்.

"ஏனுங்கக்கா, கையெழுத்து நீங்க போட்டீங்க, கேட்டது ஊரே கேட்டுதுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது; சிரிக்கவும் சிரித்தார்.

கூலி போனதை விட வாக்குத் தவறியதுதான் என்னை உறுத்தியது. பிரகாரத்தில் உட்கார்ந்தே அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, மைக் உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பக்கம் இருந்தவர், "இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றார்.

"இனி மிச்சம் யாருங்க இருக்காங்க?" என்றேன்.

பழைய ஓவர்லாக்கிலேயே தைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சைபரைப் பத்திரமாகக் காப்பாற்ற எனக்கு ஆன செலவு, முத்திரைத்தாள் இருநூறு ரூபாய், பஸ் சார்ஜ் தனி.