தந்தியண்ணன் நின்றால் நல்ல சேதி

மதுரை மாநகரில் வாயைத் திறக்காமல், வெறும் கால்களாலேயே அரசாங்க ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொன்ன ஒரே மனிதர் எங்கள் தந்தியண்ணன்தான். எழுபதுகளின் கடைசியில் சிம்மக்கல் பக்கம் குடியிருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். அவருடைய பெயர் என்ன என்று கேட்டால்தான் முழிப்பார்கள். தந்தி கொண்டு வருகிறவர், ஆகவே தந்தியண்ணன். அறுபது வயதுக் கிழவரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

தந்தி என்றாலே குலை நடுங்கிய காலம் அது. ஆனால் எங்கள் தெருவில் அந்த நடுக்கம் ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடிக்காது. தந்தியண்ணன் கையெழுத்து வாங்குவார், காகிதத்தைக் கொடுப்பார். நல்ல சேதியாக இருந்தால் வாசற்படியில் ஒரு காலை வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் ஓட்டுக் கூரையில் ஏதோ எழுதியிருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நிற்றலுக்கு அர்த்தம், ஒரு ரூபாய். கெட்ட சேதியாக இருந்தால் கொடுத்த கையோடு சைக்கிளைத் திருப்பிவிடுவார். சாவுச் செய்திக்குக் காசு வாங்குவது மகாபாவம் என்பது அவர் கொள்கை. ஆகவே தந்தியைப் பிரிக்கும் முன்பே அவர் காலைப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானண்ணே?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"தெரியவே தெரியாது. அது கவர்மெண்டு ரகசியம்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

"நிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கா? கை நீட்டக் கூடாதுன்னுதான் இருக்கு. நான் நீட்டுறேனா?"

இந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவர் படும் பாடு தனி. "என்ன சேதி சார்?" என்று அப்பாவியாகக் கேட்பார். வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும், "அப்படியா!" என்று கண்களை அகல விரித்து ஓரடி பின்னால் போவார். முதல் தடவையாக சினிமா பார்க்க வந்தவர் போல அவ்வளவு ஆச்சரியம்!

காசு கொடுப்பவர்களுக்கும் அவர் சட்டம் வைத்திருந்தார். படிக்காமல் கொடுக்கக் கூடாது. "ருசி பாக்காம சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு?" என்பார். உள்ளே நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டக் கூடாது. "டீ குடிச்சுக்க" என்று சொல்லவே கூடாது. "நான் டீயே குடிக்கிறதில்ல. இன்ன சந்தோசம்னு வாயால சொல்லிக் குடுங்க" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, படியில் இன்னொரு காலையும் வைத்துவிடுவார்.

ஒரே ஒரு தடவை அவர் தடுமாறிப் பார்த்தேன். எங்கள் தெரு மளிகை மொத்த வியாபாரிக்கு ஒரு சித்தப்பா இருந்தார். பிள்ளையில்லாதவர், சொத்து ஏராளம். அவர் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. வியாபாரியின் முகத்தில் துக்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஐந்து ரூபாயை எடுத்து நீட்டினார். தந்தியண்ணனுக்கு ஒரு கால் கடைப்படியில், ஒரு கால் சைக்கிள் பெடலில். நிற்பதா, போவதா? கடைசியில், "துட்ட உள்ள வைங்கண்ணே, ஊரு பாக்குது" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் என் உயிரை ஒரு கால் மணி நேரம் தனியே பிடுங்கி எடுத்தார்.

என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தேனியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை குறுக்கே கிடப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் ஆறு குடும்பம் இருந்த காம்பவுண்டின் முற்றத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் முடிந்திருந்தது. சைக்கிள் மணி கேட்டது.

"சார், கையெழுத்து."

சோப்பு நுரையோடு போட்டேன். தந்தி என் கைக்கு வந்தது. அவர் காலைப் பார்த்தேன். நிற்கவில்லை. சைக்கிளைக்கூட எடுக்கவில்லை, ஓடினார்! எந்தச் சாவுக்கும் அவர் அப்படி ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

குழாயடியில் இருந்த விளாங்குடியக்கா குடத்தைக் கீழே வைத்தார். இது அந்த அக்காவின் சொந்த ஊரால் வந்த பெயர். "அண்ணே நிக்கலையே..." என்றார். அடுத்த நொடி, "அடி ஆத்தீ! மகராசி போயிட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு சௌராஷ்டிரக்காரர் சரோஜாக்கா கொதித்த சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார். மாடியில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். "தேனி பஸ்சு எத்தன மணிக்கு மாப்ள?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. அவள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் பூ கேட்டாள், பஸ் எடுக்கப் போகிறான் என்று வாங்கித் தராமல் விட்டேன். அது மட்டும்தான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

தந்தி என் கையிலேயே இருந்தது. பிரித்துப் பார்க்கலாமே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? அதுதான் கால் சொல்லிவிட்டதே!

அந்த நேரம் வாசலில் நிழல் தட்டியது. தந்தியண்ணன். மூச்சு வாங்கியது, காக்கிச் சட்டையெல்லாம் எச்சில். வார் அறுந்த பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வந்தவர் படியில் ஒரு காலை வைத்தார். கைகளைப் பின்னால் கட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். நின்றார்.

விளாங்குடியக்காவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"என்னண்ணே, நிக்கிறீங்க?"

"எப்பவும் நிக்கிறதுதான?"

"அப்பறம் எதுக்கு அப்பிடி ஓடுனீங்க?"

"மாடு தாயி! சைக்கிள்ல மாட்டிருந்த பையில வாய வச்சிருச்சு. உள்ள மூணு வீட்டுத் தந்தி. அதத் தின்னுருச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஆத்துப் பாலம் வரைக்கும்ல தொரத்திட்டு வாரேன்."

நான் எழுந்து போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேன். அதுவரை வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. மனிதர் கோபித்துக்கொண்டார்.

"சார், மொதல்ல பிரிங்க. படிக்காம எதுவும் செய்யக் கூடாது."

பிரித்தேன். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று மாமனார் அடித்திருந்தார்.

"என்ன சேதி சார்?"

"பொண்ணு பொறந்திருக்குண்ணே."

"அப்படியா!" என்று கண்ணை விரித்து ஓரடி பின்னால் போனார்.

சட்டைப் பையில் இருந்த பத்து ரூபாயை அப்படியே கொடுத்தேன். தொடவில்லை. "ஒரு ரூவா குடுங்க. பையனுக்கும் அதேதான், பொண்ணுக்கும் அதேதான். அப்பறம், மீதி மூஞ்சியையும் வழிச்சுட்டு பஸ் ஏறுங்க. புள்ள பயந்துக்கிரும்."

சரோஜாக்கா சாம்பாரைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார். நான் பஸ் ஸ்டாண்டில் மூன்று முழம் பூ வாங்கினேன். அதற்குப் பிறகு தந்தியண்ணன் பையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். நல்ல சேதி கொடுத்துவிட்டு அவசரமாகப் போகவேண்டி வந்தால், "இந்தா வந்து நிக்கிறேன்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திவிட்டுத்தான் ஓடுவார்.

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் மகள் இப்போது காலேஜ் போகிறாள். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி அதே படியில் நிற்கிறார். "சம்பளம் வாங்குறாருல்ல, பிறகென்ன?" என்று காம்பவுண்டில் சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு மட்டும், வாசலில் யாராவது அப்படி நிற்பதைப் பார்த்தால், வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது.